மலைத்தோட்டத்து இளஞ்செடிகள்: உறைபனிக்கும் பூச்சிக்கும் சேர்த்துச் சில குறிப்புகள்

ஊட்டி, குந்தா, கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் வீட்டை ஒட்டி நாலு பாத்தி போட்டிருப்பவர்களுக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தூக்கம் கொஞ்சம் குறைவுதான். ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனியாக இறங்குவது, மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் உறைபனியாகிவிடும். ஒரே இரவில் நாற்று கருகிப்போகும். தப்பியதைப் பூச்சி பார்த்துக்கொள்ளும். பலர் பனிக்கு ஒரு வைத்தியம், பூச்சிக்கு ஒரு வைத்தியம் என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். ஆனால் பனிக்குப் போட்ட மூடாக்குக்குள் அசுவினி குடியேறும். பூச்சிக்குத் தெளித்த கரைசல், நேரம் தவறினால், பனிக்கு வசதி செய்து கொடுக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஏற்பாடாகச் செய்துகொள்வதே நல்லது.

1. சாயங்காலம் வானத்தைப் பாருங்கள். மேகம் இல்லை, காற்றும் இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது என்றால் அன்றைக்கு உறைபனி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடியிருந்தால் தரையின் வெப்பம் வெளியேறாது, பயமில்லை. சுவரில் மாட்டிய வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். அது 3 டிகிரி காட்டும்போதே தரையை ஒட்டிய இலை உறைநிலைக்கு வந்திருக்கும்.

2. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் வெள்ளை வெளேரென்று இருக்க, சற்று மேட்டில் இருக்கும் தோட்டம் பச்சையாக நிற்பது இதனால்தான். நாற்றங்காலை கடைசித் தட்டில் போடாதீர்கள். கீழ்ப்பக்க வேலியை இடைவெளி இல்லாமல் அடைத்தால் குளிர்காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிய இடம் எனக்குப் பிடித்தமானது. பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் இரவில் மெதுவாக விடும். காலை வெயிலும் அங்கே நேரடியாக விழாது. உறைந்த இலை சட்டென்று உருகுவதுதான் அதிக சேதம்.

3. எல்லாச் செடிக்கும் சாக்கு தேடி அலைய வேண்டாம். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பூண்டு ஆகியவை லேசான பனியைத் தாங்கும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, மிளகாய், பூசணி தாங்காது. பட்டாணியில் செடி பிழைக்கும், பூவும் பிஞ்சும் போய்விடும். இருக்கிற துணியை முதலில் தாங்காதவற்றுக்குக் கொடுங்கள்.

4. மூடுவதிலும் முறை இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று புகும், ஆனால் பனி நேராக இலையில் படியாது. வீட்டில் மிலாரோ, காய்ந்த பெரணித் தழையோ, கோணிச்சாக்கோ, பழைய போர்வையோ, கவிழ்த்த மூங்கில் கூடையோ போதும். மூடாக்கு நாலு பக்கமும் தரையைத் தொட வேண்டும். நாம் பிடித்துவைக்க நினைப்பது மண்ணிலிருந்து எழும் வெப்பத்தை. நடுவில் குடை போல விரித்துவிட்டால் அது பக்கவாட்டில் போய்விடும். சூரியன் மறைவதற்கு முன்பே மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் பாதி வெப்பம் போயிருக்கும். பிளாஸ்டிக் தாள் போட்டால் இலையில் ஒட்டாமல் உயர்த்திக் கட்டுங்கள். ஒட்டிய இடமெல்லாம் கருகும். சமவெளிக்காரர்கள் சொல்வது போலத் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்க்கும் யோசனை நீலகிரிக்கு ஒத்துவராது. இங்கே அந்த பாட்டில்களுக்கே தடை. பழைய பெயின்ட் வாளி அந்த வேலையைச் செய்யும்.

5. மூங்கில் பிளாச்சை வளைத்துப் பாத்தியின் மேல் வரிசையாக நட்டுவிடுங்கள். பகலில் அதன்மேல் நைலான் பூச்சிவலை, இரவில் அதே வளைவின் மேல் சாக்கு. அந்துப்பூச்சி நுழையாத வலை என்று கேட்டு வாங்குங்கள். 40 மெஷ் வலை சரியாக இருக்கும். ஓரங்களை மண்ணில் புதைக்காவிட்டால் வலை போட்டும் பயனில்லை. பீன்ஸுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் பூசணி வகை பூக்கத் தொடங்கியதும் பகலில் வலையை விலக்குங்கள், தேனீ வரவேண்டும்.

6. ஈரமண் வெப்பத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். பனி வரும் என்று தெரிந்தால் அன்று முற்பகலிலேயே வேருக்குத் தண்ணீர் விடுங்கள். வைக்கோல், சருகு பரப்பியிருந்தால் நாற்றைச் சுற்றி மட்டும் அதை ஒதுக்கி மண்ணைத் திறந்து வையுங்கள். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். சருகு வேரைக் காக்கும், உண்மைதான். ஆனால் மண்ணின் சூட்டை மேலே வரவிடாமல் தடுத்துவிடுவதால் இலைதான் அதிகம் குளிரும்.

7. மூடாமல் விட்ட பாத்தியில் காலையில் வெண்பனி படிந்திருந்தால், வெயில் விழுவதற்கு முன் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுங்கள். பெரிய தோட்டக்காரர்கள் விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடவிடுவது இதற்குத்தான். தொடங்கினால் பனி முழுக்க உருகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகும்போது இலை இன்னும் குளிர்ந்துவிடும்.

8. பனி உருகியதும் மூடாக்கைக் கட்டாயம் எடுங்கள். நாள்கணக்கில் மூடியே வைத்தால் உள்ளே புழுக்கமாகி அசுவினி பெருகும். சாக்கை எடுக்கும் அந்த நேரத்தையே பூச்சி பார்க்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸில் சாம்பல் பூசியது போலக் கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி. கொஞ்சம்தான் என்றால் விரலால் நசுக்கினால் போதும். அதிகமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் காதி சோப்பைக் கரைத்துத் தெளியுங்கள். அதே இலையில் கறுப்பு உடலும் ஆரஞ்சுப் புள்ளியுமாக ஆறு காலில் ஊரும் சிறு புழுவைக் கண்டால் தொடாதீர்கள். அது பொறிவண்டின் குட்டி; அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான்.

9. முட்டைக்கோஸ், காலிஃப்ளவருக்குப் பெரிய எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இறக்கையை மடக்கி உட்காரும்போது முதுகில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். இதன் பச்சைப் புழு இலையின் சதையைச் சுரண்டித் தின்னும். மேல்தோல் கண்ணாடிபோல மிஞ்சும். தொட்டால் துள்ளி, மெல்லிய நூலில் தொங்கும். இளநாற்றின் நடுக்குருத்தைத் தின்றுவிட்டால் அந்தச் செடியில் கோஸ் கட்டாது. கோஸ் நடுவதற்குச் சுமார் 15 நாள் முன்பே பாத்தி ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதையுங்கள். அந்து கடுகைத் தேடிப் போய் முட்டையிடும். புழு சேர்ந்ததும் அந்தக் கடுகைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விட்டால் அதுவே புழுப்பண்ணை. இந்தப் பூச்சி பல ரசாயன மருந்துகளுக்குப் பழகிப்போனது. மருந்துக் கடையில் ஒன்று மாற்றி ஒன்று வாங்கி அடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, வீட்டுக்கு உண்ணும் காயில் கொஞ்சமும் இல்லை.

10. நேற்று நட்ட நாற்று காலையில் தரைமட்டத்தில் அறுபட்டுக் கிடந்தால் வெட்டுப்புழு. இரவில் வெட்டிவிட்டு, பகலில் பக்கத்திலேயே ஓரிரு அங்குல ஆழத்தில் சுருண்டு படுத்திருக்கும். விரலால் கிளறி எடுத்துவிடலாம். மற்ற நாற்றுகளுக்கு அடிப்பகுதியைச் சுற்றி செய்தித்தாள் வளையம் போடுங்கள். மண்ணுக்குள் ஓர் அங்குலம், வெளியே இரண்டு அங்குலம்.

11. ஊட்டி உயரத்தில் வேம்பு வளராது. சமவெளிக்குப் போகிறவர்களிடம் வேப்பங்கொட்டை சொல்லி வாங்கி வையுங்கள். கொட்டையின் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் துணியில் முடிந்து இரவெல்லாம் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்பு கலந்தால் மருந்து தயார். எண்ணெயாகப் பயன்படுத்தினால் லிட்டருக்கு 5 மில்லி. மலைக்குளிரில் வேப்பெண்ணெய் உறைந்துவிடும். வெந்நீரில் புட்டியை நிறுத்தி இளக்கிய பிறகு சோப்புத் தண்ணீரில் அடித்துக் கலக்குங்கள். முதலில் ஓரிரு இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள். வேம்பை மாலையில் அடிக்கச் சொல்வார்கள், வெயிலில் அதன் வீரியம் குறையும் என்பதால். பனிக்காலத்தில் அப்படியே பின்பற்றினால் ஈர இலையோடு செடி உறைபனிக்குள் போகும். பிற்பகல் மூன்று மணிக்கு அடித்து, இலை காய்ந்ததும் மூடுங்கள்.

12. டிசம்பர், ஜனவரியில் யூரியா வேண்டாம். தளதளவென்று வரும் இளந்தளிர் முதலில் பனிக்குக் கருகும். கருகாததை அசுவினி தேடி வரும். மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் மரச்சாம்பலும் போதும்.

13. கருகிய செடியை அன்றே வெட்டாதீர்கள். காய்ந்த இலை கீழிருக்கும் குருத்துக்கு அடுத்த இரவுக்கான போர்வை. உருளைக்கிழங்கு பல நேரம் மண்ணுக்கடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்து, புதுத்துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே உள்ளதை மட்டும் நறுக்குங்கள். அந்தத் துளிரின் அடிப்பக்கத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள், அசுவினி முதலில் அங்கேதான் வரும்.