செர்ரி மரம்: எந்த வடிவம் வாங்கலாம்?

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்துக்குச் செர்ரி வாங்குகிறவர்கள் முதலில் ரகத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால், எந்த வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியது என்று கேளுங்கள். மரத்தின் உயரம் பெரும்பாலும் அதன் கையில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் கீசன் நகரில் உருவான ‘கிசெலா 5’ வேர்ச்செடியில் ஒட்டிய மரம் சுமார் 3 மீட்டரோடு நின்றுவிடும். மரம் முழுக்க வலை போர்த்த முடிகிற உயரம் இது. வலை இல்லையென்றால், பழம் சிவக்கத் தொடங்கியதுமே பறவைகள் காலி செய்துவிடும்! ‘கிசெலா 5’ வேருக்குப் பிடிப்புக் குறைவு. முட்டுக்கம்பை எடுக்கவே கூடாது. ‘கோல்ட்’ வேர்ச்செடி இதைவிடப் பெரிதாக வளரும், சின்னத் தோட்டத்துக்கு வேண்டாம்.

தரையிலிருந்து 60–75 செ.மீ. உயரத்திலேயே கிளை பிரியும் புதர் வடிவம்தான் என் முதல் தேர்வு. மரத்தடியில் நாற்காலி போட ஆசை என்றால் மட்டும் உயரத் தண்டுள்ளதை எடுங்கள்.

இடமே இல்லையா? சுவரோடு விசிறிபோலக் கிளைகளைப் படரவிட்ட மரம் இருக்கிறது. இனிப்புச் செர்ரிக்கு வெயில் படும் தெற்கு அல்லது மேற்குப் பார்த்த சுவர் வேண்டும். ஜாமுக்கு ஏற்ற புளிப்பு ரகமான ‘மொரெல்லோ’ வடக்குப் பார்த்த சுவரிலும் காய்க்கும்.

ஒற்றை மரம்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ‘ஸ்டெல்லா’ போன்ற ரகம் நல்லது.

கவாத்து கோடையில் மட்டும், மழையில்லாத நாளில். குளிர்காலத்தில் வெட்டினால் வெள்ளியிலை நோய் அந்தக் காயம் வழியே எளிதில் புகுந்துவிடும். நடும்போது ஒட்டுக்கட்டிய முண்டு மண்ணுக்கு மேலே தெரியட்டும்.