பாரம் சுமப்போருக்கு உண்டாகும் முதுகு ஜவ்வுப் பிதுக்கம்

தூத்துக்குடி மில்லர்புரத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் முதுகின் வலிமையைக் கொண்டே ஜீவனம் செய்வோர் அநேகர். கடலோர அளங்களில் குனிந்து உப்பு வாருவோரும், துறைமுகத்துக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குவோரும், ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய தாமிரபரணிப் பாசன ஊர்களில் வாழைத்தார் சுமப்போரும் இவர்களுள் அடங்குவர். உழவு மாடு நொண்டினால் அன்றைக்கே கவனிக்கும் குடியானவர், தமது இடுப்பு வலியையும் கூலியாளின் இடுப்பு வலியையும் வெறும் வாயுப்பிடிப்பு என்று எண்ணிப் பராமுகமாயிருந்து விடுகின்றனர். இதனால் ஆள் பல மாதம் வேலைக்கு உதவாமற் போவதுடன், சிற்சில சமயங்களில் ஆயுள் முழுவதும் ஊனமடையவும் நேரிடுகிறது.

நோயின் தன்மை

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. அடுக்கடுக்காயமைந்த பல எலும்புகளின் இடையிடையே, வண்டிக்கு வில் போல, 23 ஜவ்வு வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டின் உள்ளேயும் கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றி உறுதியான நார் வளையமும் இருக்கும். வயதினாலும் ஓயாத பாரத்தினாலும் நார் வளையம் நைந்து கிழியுமாயின், உள்ளிருக்கும் கூழ் வெளியே பிதுங்கி அருகிலுள்ள நரம்பை உறுத்தும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளிலேயே இவ்வாறு நேரிடுகிறது. வலி புட்டத்திலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை இறங்குவதும், கால் மரத்துப் போவதும், இருமினாலும் தும்மினாலும் வலி மிகுவதும் இதன் குறிகளாம். இக்கால் வலிக்கு வட்டின் பிதுக்கமே காரணமாகலாம் என்பதை 1934-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர்கள் தெளிவாக எடுத்துக் காட்டினர்.

குனிந்து தூக்குவதால் வரும் கேடு

கடப்பாரையின் நீண்ட முனையைச் சிறிது அழுத்தினால், குறுகிய முனையிலுள்ள பெருங்கல் அசைவதை யாவரும் அறிவர். முதுகிலும் அவ்விதமே. 20 கிலோ பாரத்தை உடலினின்று விலக்கி, முதுகெலும்புக்கு 40 செண்டிமீட்டர் முன்னே பிடித்தால், எலும்புக்கு ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் பின்னேயுள்ள தசைகள் அதன் எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ விசையுடன் இழுக்க வேண்டியதாகும். அவ்வழுத்தம் முழுவதும் வட்டின்மேல் விழும். அதே பாரத்தை மார்போடு அணைத்துத் தூக்கினால் அழுத்தம் பாதிக்கும் கீழே குறையும்.

சிகிச்சை

இந்நோய் கண்டவர் மனந்தளர வேண்டுவதில்லை. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அறுவை இன்றியே குணம் ஏற்படுகிறது. கடும் வலியுள்ள ஓரிரு நாள் இளைப்பாறலாம். அதற்குமேல் படுத்த படுக்கையாயிருப்பது தீமையே. வைத்தியர் சொற்படி மருந்துண்டு, சிறுகச் சிறுக நடந்து, அவர் கற்பிக்கும் தேகப்பயிற்சிகளைச் செய்தல் வேண்டும். முதுகின்மேல் ஏறி மிதிக்கச் செய்வதும், முரட்டுத்தனமாக இழுத்துவிடச் செய்வதும் அபாயகரமானவை. எக்ஸ்ரே படத்தில் வட்டு புலப்படாது, அவசியமாயின் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும்.

சிறுநீர் இறங்காமை, மலமோ சிறுநீரோ அடக்க இயலாமை, மர்மஸ்தானத்தைச் சுற்றி உணர்ச்சியின்மை, காலின் பலம் குன்றுதல் ஆகிய குறிகளில் எது தோன்றினும் ஒரு நாளும் தாமதியாது அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உரிய காலத்தில் அறுவை செய்யாவிடின் அக்குறைகள் நிலைத்துவிடக் கூடும்.

தடுக்கும் முறைகள்

1. பாரத்தை நெருங்கி நின்று, முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குக. தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகாது, பாதங்களை மாற்றி வைத்துத் திரும்புக.

2. யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகக் குறைக்கப்பட்டுள்ளது. எனினும் ஒருவரே தூக்காது, இருவர் சேர்ந்து தூக்குவது உத்தமம்.

3. மூட்டைகளைத் தரையில் அடுக்காது இடுப்புயர மேடையில் அடுக்குக. தள்ளுவண்டி உள்ள இடத்தில் தோளில் சுமத்தல் வேண்டா.

4. மண்வெட்டிக்கும் உப்பு வாரும் பலகைக்கும் ஆளின் உயரத்திற்கேற்ற நீண்ட பிடி போடுக.

5. நாற்று நடும் பெண்களும் களையெடுப்போரும் அவ்வப்போது நிமிர்ந்து இளைப்பாற இடங்கொடுக்க. டிராக்டர் ஓட்டுவோர் அதிர்ச்சி தாங்கும் இருக்கையை உபயோகிக்க.

6. புகைபிடித்தல் வட்டுகளின் தேய்வை மிகுவிக்குமாதலால் அதனை விடுக.

ஆண் தொழிலாளி வழக்கமாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மிஞ்சலாகாதென்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல் பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதனினும் வெகுவாகக் குறைந்த பாரமே தகும் என்பதும் அதன் கருத்து.

ஒரு தள்ளுவண்டியின் விலை சிறிது. நல்ல உழைப்பாளி ஒருவன் ஒரு போகம் முழுவதும் படுத்துவிட்டால் அவன் குடும்பத்துக்கும் நிலத்துக்கும் வரும் நஷ்டமோ பெரிது. ஆகையால் நிலமுடையோர் தங்கள் களத்திலும், கிராம அலுவலர்கள் தங்கள் ஊர்க் கிட்டங்கிகளிலும் மேற்கூறிய முறைகளை வரும் அறுவடைக்கு முன்னரே நடைமுறைக்குக் கொண்டு வருவார்களாக.