சக்கையில் ஒரு டாக்கோ: வீட்டிலேயே செய்ய 20 குறிப்புகள்

தை பிறந்ததும் குமரி மாவட்டத்துச் சந்தைகளில் இடிச்சக்கை என்னும் பிஞ்சுப் பலா தலைகாட்டத் தொடங்கிவிடும். மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்கு விரதம் இருப்பவர்கள் மீனையும் இறைச்சியையும் ஒதுக்கிவைப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளின் தவக்காலமும் பெரும்பாலும் இதையொட்டியே வரும். இறைச்சி அடுப்பேறாத இந்த மாதங்களில்தான், அதன் இடத்தை நிரப்பக்கூடிய காய் நம் மரங்களில் பிஞ்சாக நிற்கிறது.

வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் டாக்கோ கேட்கிறார்கள். அது மெக்சிகோ நாட்டுச் சாப்பாடு. சிறிய மக்காச்சோள ரொட்டியில் மசாலா இறைச்சியை வைத்து, வெங்காயம், மல்லித்தழை தூவி, எலுமிச்சை பிழிந்து மடித்துச் சாப்பிடுவார்கள். இறைச்சி வேண்டாம் என்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டப்பாவில் அடைத்த பிஞ்சுப் பலாவை வாங்கி அதே டாக்கோவைச் செய்கிறார்கள். மெக்சிகோவிலேயே நயரித் மாநிலத்தில் பலா தோட்டப் பயிராக விளைகிறது. நமக்கு டப்பா தேவையில்லை. இடிச்சக்கைத் துவரன் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை கைவந்துவிட்டது. நீரைப் பிழிவது, முறுக விடுவது, பயறு சேர்ப்பது ஆகிய மூன்றும் மீதிப் பாதி.

காய் தேர்வும் நறுக்கலும்

1. ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள, முள் நெருக்கமாக இருக்கும் பச்சைப் பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய முகம் வெளுப்பாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் குருவில் நகம் எளிதாக இறங்க வேண்டும். குருவின் தோல் கெட்டியாகிவிட்டால் சுளை தனியாகப் பிரிந்துவிடும், நார் நாராக உதிராது. அந்தக் காயை எரிசேரிக்கோ அவியலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

2. வீட்டில் பலா மரம் இருந்தால், ஒரே கொத்தில் நெருக்கமாகக் காய்த்திருக்கும் பிஞ்சுகளில் சிலவற்றைப் பறித்துவிடுங்கள். சமையலுக்குக் காயும் கிடைக்கும், மரத்தில் நிற்கும் மற்றக் காய்கள் நன்றாகப் பருக்க இடமும் கிடைக்கும்.

3. சக்கைப் பால் ஒட்டாமல் இருக்க, கை, கத்தி, பலகை மூன்றிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கீழே பழைய செய்தித்தாள் விரியுங்கள். காயை வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டு, பிறகு ஓரத்து முள்தோலைச் சீவினால் வேலை சீக்கிரம் முடியும். கத்தியில் பால் பிடித்துவிட்டால் முதலில் எண்ணெய் தடவித் துணியால் துடையுங்கள், அதன்பின் சோப்புப் போடுங்கள். தண்ணீரில் மட்டும் கழுவினால் பால் போகாது.

4. நறுக்கிய துண்டுகள் காற்றுப் பட்டதும் கறுக்கும். மோரும் ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியும் கலந்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நறுக்க நறுக்க அதில் போடுங்கள். நடுத்தண்டில் நகம் இறங்கினால் அதையும் சேர்க்கலாம். நார் தெரியும்படி நறுக்கிய தண்டுத் துண்டுகள் வெந்தபின் நல்ல மெல்லும் பதம் தரும்.

வேகவைத்து உதிர்த்தல்

5. குக்கரில் அரை டம்ளர் தண்ணீர், தேவையான உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்பொடி சேர்த்து ஒரே ஒரு விசில் வையுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். இரு விரலால் நசுக்கினால் நார் பிரிய வேண்டும், மசியக் கூடாது. உப்பை இந்தக் கட்டத்திலேயே போடுவது முக்கியம். பிறகு போடும் உப்பு மேலோடு நிற்கும், உள்ளே சாராது.

6. உதிர்க்க மிக்சி வேண்டாம், ஒரு சுற்றிலேயே கூழாகிவிடும். துவரனுக்குச் செய்வதுபோல அம்மிக்குழவியாலோ சிறிய உரலிலோ இலேசாகத் தட்டுங்கள். நார்கள் தானாகப் பிரியும். பெரிய துண்டுகளை விரலால் கிழித்துவிடுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. சிறியதும் பெரியதும் கலந்திருந்தால்தான் இறைச்சியின் சாயல் வரும்.

7. இனிப் பிழிய வேண்டும். இந்தச் செய்முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. உதிர்த்த சக்கையைச் சுத்தமான பருத்தித் துணியில் முடிந்து, தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை முறுக்குங்கள். நீர் தங்கிய சக்கையை எவ்வளவு நேரம் வதக்கினாலும் அது அவிந்துகொண்டேதான் இருக்கும், சிவக்காது. வீட்டில் செய்யும் சக்கை டாக்கோ சொதசொதவென்று ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

8. நேரம் இருந்தால், பிழிந்த சக்கையைத் தட்டில் பரப்பி, மூடாமல் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மீதி ஈரமும் வற்றி, நார் இறுகி, மறுநாள் வறுக்கும்போது உடையாமல் நிற்கும்.

முறுகலும் மசாலாவும்

9. மசாலா போடுவதற்கு முன்பே சக்கையைத் தனியாக முறுக விடுங்கள். கனமான இரும்புத் தோசைக்கல்லில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிக் காயவிட்டு, சக்கையை மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் புரட்டுங்கள். ஒரே தடவையில் குவித்துப் போட்டால் ஆவி கட்டிக்கொள்ளும், எனவே இரண்டு தவணையாக வறுங்கள். ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு தூவிப் பிசறி வறுத்தால் நிறமும் முறுகலும் கூடும்.

10. பிழிந்த சக்கை அரைக் கிலோவுக்கு மசாலா அளவு: மிளகாய் வத்தல் 6, மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, சிறிய துண்டு பட்டை. இவற்றை வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். 15 சின்ன உள்ளி, 6 பல் பூண்டு, 2 தக்காளி ஆகியவற்றை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, பொடியைச் சேர்த்து, பிறகு முறுகிய சக்கையைப் போட்டுப் புரட்டுங்கள். சுண்டைக்காய் அளவு கருப்பட்டி சேர்த்தால் தக்காளியின் புளிப்பு அடங்கும். டாக்கோவில் சீரக வாசனைதான் முன்னே நிற்க வேண்டும், ஆகவே பெருஞ்சீரகமும் ஏலக்காயும் வேண்டாம்.

11. மெக்சிகோ சமையலில் ஆரிகானோ என்ற உலர்ந்த இலை சேர்ப்பார்கள். அதற்காகக் கடை தேட வேண்டாம். கொல்லையில் நிற்கும் கற்பூரவல்லி இலையின் வாசனைக்குக் காரணமான எண்ணெய்ச் சத்துதான் ஆரிகானோவிலும் இருக்கிறது. ஓர் இலையைப் பொடியாக நறுக்கி, அடுப்பை அணைக்கும் முன் சேருங்கள். இரண்டாவது இலை போட்டால் கஷாய வாசனை வந்துவிடும்.

12. புளிப்புக்கு வாளன்புளியைவிடக் குடம்புளி நல்லது. புகையில் உலர்த்திய குடம்புளி, புளிப்போடு இலேசான புகை மணத்தையும் தரும். சிறிய துண்டு ஒன்றை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டி மட்டும் விடுங்கள். அதற்குமேல் விட்டால் முறுகல் நமுத்துப்போகும்.

13. அடுப்புக் கனலில் சுட்ட இறைச்சியின் மணம் வேண்டுமானால் சிரட்டையே போதும். சிறிய சிரட்டைத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கனலாகும்வரை சுட்டு, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, சக்கையின் நடுவே வையுங்கள். கனலின்மேல் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டதும் பாத்திரத்தை மூடிவிடுங்கள். மூன்று நிமிடத்தில் புகை மணம் ஏறிவிடும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

சத்துக்கும் மாற்றுக்கும்

14. சக்கை இறைச்சியின் பதத்தைத் தரும், புரதத்தைத் தராது. 100 கிராம் பிஞ்சுச் சக்கையில் 3 கிராமுக்கும் குறைவான புரதமே உண்டு. ஆகவே மூன்று பங்கு சக்கைக்கு ஒரு பங்கு வெந்த பெரும்பயறு சேருங்கள். பயற்றைக் குழையவிடாமல் வேகவைத்து, நீரை வடித்து, கரண்டியால் பாதி மட்டும் மசித்துக் கலந்தால் நாரோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். வளரும் பிள்ளைகளுக்குச் செய்யும்போது இதைத் தவறவிடாதீர்கள்.

15. சக்கை இல்லாத மாதங்களில் பருப்பு உசிலி முறை கைகொடுக்கும். ஒரு டம்ளர் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிளகாய் வத்தல், உப்புச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவையுங்கள். ஆறியபின் உதிர்த்து, எண்ணெயில் முறுக வறுத்தால் கொத்துக்கறியின் பதம் வந்துவிடும். 10-ஆம் குறிப்பின் மசாலாவே இதற்கும் பொருந்தும்.

16. சோயா உருண்டையில் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மீண்டும் ஒருமுறை பிழிந்தால் சோயாவின் பச்சை வாசனை போய்விடும். அதன்பின் மிக்சியில் நிறுத்தி நிறுத்தி இரண்டு சுற்று விட்டால் போதும்.

17. மீன் டாக்கோ பிடித்தவர்களுக்கு வாழைப்பூ. சிவப்பு மடல்களை நீக்கி, உள்ளே இருக்கும் வெளிறிய மொட்டை நீளவாக்கில் பிளந்து, மோர்த் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, உப்பு நீரில் அரைவேக்காடு வேகவையுங்கள். ஈரம் துடைத்து, மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி, குடம்புளித் தண்ணீர், அரிசி மாவு தடவிப் பொரித்தால் மடல் மடலாகப் பிரியும். இங்கிலாந்தில் சைவ மீன் வறுவலுக்கு வாழைப்பூவையும் பயன்படுத்துகிறார்கள்.

மடித்துப் பரிமாற

18. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். அந்த மாவுதான் ஒட்டிப் பிடிக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள மாவு அப்படிப் பதப்படுத்தியது அல்ல. அதனால் ஒரு கப் மக்காச்சோள மாவுக்கு ஒரு கப் கோதுமை மாவு, உப்பு சேர்த்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவையுங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துச் சுட்டு, சுடச்சுடத் துணியில் சுற்றிவைத்தால் மடிக்கும்போது கிழியாது. பத்திரி சுடத் தெரிந்த வீடுகளில் அரிசிப் பத்திரியே அருமையாகப் பொருந்தும். ஆப்பம் மட்டும் வேண்டாம், மசாலாவில் நனைந்து பிய்ந்துவிடும்.

19. மேலே தூவுவதற்குச் சின்ன உள்ளி, மாங்காய், மல்லித்தழை, ஒரு காந்தாரி மிளகாய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசறுங்கள். மெக்சிகோவில் ஒருவகை டாக்கோவுக்கு அன்னாசி வைப்பார்கள். நம் மாவட்டத்தில் இளம் ரப்பர்த் தோட்டங்களில் ஊடுபயிராகவே அன்னாசி விளைகிறது. மெல்லிய துண்டுகளைக் கல்லில் சுட்டு வைத்தால் மிளகாய்க் காரத்துக்கு நல்ல இணை. பால் ஏடு ஊற்றுவதற்குப் பதில், ஒரு கைப்பிடி முந்திரிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, உப்புச் சேர்த்து வெண்ணெய்போல அரைத்து ஊற்றுங்கள்.

20. மசாலா சேர்த்த சக்கை குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். வேகவைத்துப் பிழிந்த சக்கையை, மசாலா சேர்க்காமல் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு பொட்டலங்களாக உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் வரும். பலாவில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். ரப்பர்ப் பால் பட்டால் தடிப்பு, அரிப்பு வருகிறவர்களில் சிலருக்குப் பலாவும் வாழையும் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் முதலில் சிறிதளவு சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

முதன்முறை செய்பவர்கள் டாக்கோவுக்கென்று தனியாகச் சக்கை வாங்க வேண்டாம். அடுத்த தடவை துவரனுக்கு இடிக்கும்போது பாதியை எடுத்துப் பிழிந்து வையுங்கள். மத்தியானம் சோற்றுக்குத் துவரன், இரவுக்கு டாக்கோ. காய் ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். இறைச்சி இல்லாத நாளிலும் வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடலாம்.