முன்பாரமும் பின்பாரமும்



நம் சங்கத்தில் பலர் கோடை வந்தால் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருகிறோம். 2023 ஜூலையில் நானும் என் மனைவியும் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரிலுள்ள மகள் வீட்டில் இருந்தோம். அங்கே கேரவனில் சைக்கிள் ஏற்றிக்கொண்டு போன பயணத்தில் பெற்ற பாடத்தை இங்கே எழுதுகிறேன். டில்லியில் முப்பது வருடம் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்தருள்க.

கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரலாம். இது வேறு. எஞ்சின் இல்லாத ஒரு சிறு வீடு. படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. காரின் பின்னாலுள்ள இரும்புக் குமிழில் மாட்டி இழுத்துச் செல்வார்கள். டச்சுக்காரர்களுக்கு விடுமுறை என்றால் கேரவன், கேரவன் என்றால் கூடவே சைக்கிள். கூடாரத் திடலில் வீட்டை நிறுத்திவிட்டு, சுற்றுவதெல்லாம் சைக்கிளில்தான்.

நாங்கள் போனது மேற்கே கடலோரமுள்ள ஜீலந்து மாநிலத்துக்கு. மாப்பிள்ளை இரண்டு மின்சார சைக்கிள்களைக் கேரவனின் பின்சுவரிலிருந்த தாங்கியில் ஏற்றிக் கட்டினார். பார்த்ததும் எனக்கு உறுத்தியது. கிராமத்தில் என் அப்பா நெல் மூட்டை ஏற்றும்போதெல்லாம் சொல்வார்: "பின்பாரம் ஆகாதுடா, மாட்டுக் கழுத்தைக் கயிறு இறுக்கும்." இருசக்கர மாட்டுவண்டியில் பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். முன்னால் கூடினால் கழுத்தை அழுத்தும். இரண்டுக்கும் நடுவே, சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் வண்டிக்காரரின் திறமை. ஆனாலும் மாப்பிள்ளை பொறியாளர். அவர் வீட்டு விருந்தாளி நான். வாயை மூடிக்கொண்டேன்.

ஏ58 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். கேரவன் இழுக்கும் காருக்கு அங்கே மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்ச வேகம்; மாப்பிள்ளை அதைத் தாண்டவில்லை. ஒரு பெரிய பேருந்து எங்களைக் கடந்த வேகக் காற்றில் கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. காரின் பின்புறத்தையும் இழுத்து ஆட்டியது. பின்னிருக்கையில் ஏழு வயதுப் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளை பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தியபோது யாருக்கும் பேச்சு வரவில்லை.

"மாப்பிள்ளை, கிளம்பும்போதே எனக்குத் தோணுச்சு, சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். "சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். கோபமில்லாமல் சொன்னார், அதுதான் இன்னும் சுட்டது.

அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டோம். கேரவனின் எடை 1,300 கிலோ. குமிழ்மேல் அது கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தைக் குமிழ்ப்பாரம் என்போம். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 65 முதல் 91 கிலோ இருப்பது நல்லது. ஆனால் காரும் இணைப்பும் தாங்கும் எல்லையை மீறக்கூடாது. எங்கள் காருக்கு அது 75. சைக்கிள் ஏற்றுமுன் குமிழ்ப்பாரம் 70 கிலோ என வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளும் தாங்கியும் சேர்ந்து 60 கிலோ. அச்சிலிருந்து குமிழ் 4 மீட்டர் முன்னே, தாங்கி 3 மீட்டர் பின்னே. ஏற்றப்பலகை விளையாட்டின் கணக்குதான்: 60 × 3 ÷ 4 = 45. குமிழ்ப்பாரம் 25 கிலோவாகக் குறைந்துவிட்டது! நுகத்தடி எழும்பிய கதை.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தை அடக்குவதற்குத் தடையாவது நிலைமத் திருப்புத்திறன். அது தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். அச்சிலிருந்து அரை மீட்டரில் வைத்த 60 கிலோவுக்கு 15 என்றால், 3 மீட்டரில் வைத்த அதே 60 கிலோவுக்கு 540. முப்பத்தாறு மடங்கு! ஒவ்வொரு கேரவனுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானே அடங்கும், மேலே தானே வளரும். பின்பாரம் அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடுகிறது.

அப்படியானால் சைக்கிளை முன்பக்கத்து இழுவைச் சட்டத்தில் ஏற்றலாமா? ஏற்றலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அச்சிலிருந்து 3.3 மீட்டர் முன்னே 60 கிலோ வைத்தால் குமிழ்ப்பாரம் ஏறக்குறைய 50 கூடி 120 ஆகும். அது மாட்டுக் கழுத்தை அழுத்துகிற கதை. முன்பெட்டியிலுள்ள கனமான சாமான்களை அச்சுக்கு மேலே நகர்த்தி ஈடுகட்டினால்தான் சரிப்படும்.

நாங்கள் அன்று செய்தது எளிய வழி. மின்கலங்களைக் கழற்றிக் காரில் வைத்தோம். ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோ. சைக்கிள்களைக் கேரவனுக்குள் அச்சுக்கு நேர் மேலே தரையில் படுக்க வைத்து, போர்வை சுற்றி, நகராதபடி இறுகக் கட்டினோம். மிச்ச தூரம் வண்டி அசையவில்லை.

திடலில் குமிழ்ப்பாரத்தை அளந்தோம். சமதளத்தில் கேரவனை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இணைப்புத் தலைக்கு அடியில் சரியான உயரத்துக்கு ஒரு மரக்கட்டை, அதற்கடியில் வீட்டில் எடை பார்க்கும் தராசு. முள் 72 காட்டியது. பத்து நிமிட வேலை. பேரன்தான் முள்ளைப் படித்துச் சொன்னான்.

மறுநாள் கடலோர மணல்மேடுகளை ஒட்டிய பாதையில் மகளும் மாப்பிள்ளையும் சைக்கிளில் முன்னே போக, வாடகைச் சைக்கிளில் நான் பின்னே போனேன். சந்திப்புகளில் எண் பலகைகள்; எண்களைக் குறித்துக்கொண்டால் வழி கேட்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் வீட்டில் நாம் விருந்தாளிகள், தலையிடக்கூடாது என்று நினைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது பொருந்தாது. மாட்டுவண்டியில் கற்றதானாலும், தெரிந்ததைக் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள்.