வேலையும் வேளையும்

புதுவை நகரில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 30-ஆம் நாளன்று தொழிலாளர் ஒருங்கு கூடி, மலர் தூவி அஞ்சலி செலுத்துவதைக் காணலாம். அவ்வணக்கத்திற்கு உரியார் யாவர்?

1936-ஆம் ஆண்டில் இந்நகர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. நெசவாலைத் தொழிலாளர் பொழுது புலருமுன் ஆலை புகுந்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பினர். தந்தையின் முகத்தைக் குழந்தை விழித்திருந்து காண்பதும் அரிதாயிற்று. வேலை நேரத்திற்கு ஒரு வரம்பு வேண்டுமெனக் கேட்டு, வ. சுப்பையா முதலிய தலைவர்களின் வழிகாட்டுதலில் அவர்கள் போராடினார்கள். ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கிகள் முழங்கின. பன்னிருவர் உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலைச் சங்கு ஓய்ந்தபின் உள்ள பொழுது தொழிலாளிக்கே உரியது என்னும் நிலை இவ்வாறு குருதி சிந்திப் பெற்றதாகும்.

இக்காலத்தில் வேறொரு முறை பரவி வருகின்றது. அதனை நெகிழ்நேர வேலை என்பர். இத்தனை மணி நேரம் உழைத்தல் வேண்டும் என்பது மட்டும் உறுதி. எப்பொழுது தொடங்குவது, எங்கிருந்து செய்வது என்பன ஓரளவு பணியாளரின் விருப்பிற்கு விடப்படும். 1967-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில், மியூனிக் நகருக்கு அருகே இருந்த ஒரு விமான உற்பத்தி நிறுவனம் இதனை மேற்கொண்டது. அனைவரும் ஒரே வேளையில் வந்து போவதால் உண்டான நெரிசலைக் குறைப்பதே அதன் நோக்கம். 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, நம் நாட்டிலும் எண்ணற்றோர் வீட்டிலிருந்தே பணி புரியலாயினர்.

இம்முறையின் நன்மைகள் பல. முதுமையுற்ற பெற்றோரைப் பேணுவோர்க்கும், கைக்குழந்தையை உடைய தாயர்க்கும் இது பெருந்துணையாகும். மகப்பேற்று விடுமுறைக்குப் பின், பணியின் இயல்பு இடந்தருமாயின், பணி தருவோரும் தாயும் இசைந்து வீட்டிலிருந்து வேலை செய்ய 2017-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி செய்தது. நடத்தற்கு இயலாதவர்க்கு இல்லமே அலுவலகம் ஆகிறது. பேருந்தில் கழியும் பொழுதும் பொருளும் மிஞ்சுகின்றன. புதுவை அரசும் 2023-ஆம் ஆண்டில், தன் பெண் ஊழியர்கள் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் பிந்தி வரலாம் என அறிவித்தது. இதனைப் பாராட்டினோரும் உளர். இல்லக் கடமை ஆடவர்க்கும் உரியதன்றோ என வினவினோரும் உளர்.

இனிக் குறைகளை நோக்குவோம். எங்கள் தெருவில் ஒரு நங்கை வீட்டிலிருந்தே கணிப்பொறிப் பணி செய்கிறாள். மகளுக்குத் தன் கையால் உணவூட்டுகிறாள். அது கண்டு மகிழ்ந்தேன். ஆயின், இரவு பத்து மணிக்கும் அவள் வீட்டுச் சன்னலில் விளக்கு எரிகின்றது. “ஐயா, எனக்கு வேலை தொடங்கும் நேரம் உண்டு, முடியும் நேரந்தான் இல்லை” என்று ஒருநாள் சொல்லி நகைத்தாள். அந்நகையில் களைப்பு இருந்தது. உடன் உழைப்போரைக் காணாத தனிமையும் ஒரு துன்பமே. மேலும், தறி நெய்வார்க்கும் பேருந்து ஓட்டுவார்க்கும் நோயாளியைக் காக்கும் செவிலியர்க்கும் இம்முறை எளிதில் பொருந்தாது.

நெகிழ்வு என்னும் சொல்லே மயக்கம் தருவதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் தொழிற்சாலைச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் நிறைவேறிற்று. நெகிழ்நேரம் என்ற பெயரால், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க அஃது இடந்தந்தது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நேரத்தை நெகிழ்த்தும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதே இங்கு எண்ணத்தக்கது.

புதுவையை அடுத்த வாகூர் ஏரியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஏரிக்குக் கரையும் வேண்டும், மதகும் வேண்டும். மதகு இல்லையேல், நீர் வேண்டும் வேளையில் வயலை அடையாது. கரை இல்லையேல், மதகினால் பயன் யாது? வேலைக்கு நேர வரம்பே கரை, நெகிழ்வே மதகு. பிரான்சு நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், பணி நேரத்திற்குப் பின் அலுவலகத் தொடர்பினின்று விலகியிருக்கும் உரிமையைப் பணியாளர்க்கு வழங்கியது. அஃது இவ்வேரிக்குக் கரை கட்டும் முயற்சியே எனலாம்.

வள்ளுவர் காலம் அறிதலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். செயலுக்குரிய காலத்தை அறிவது போலவே, ஓய்வுக்குரிய காலத்தை அறிவதும் அறிவுடைமையே. மாணவர்களே! நாளை நீங்களும் பணி ஏற்பீர்கள். நெகிழ்நேரம் வாய்க்குமாயின் அதனை நன்கு பயன்கொள்ளுங்கள். ஆனால், பன்னிருவர் உயிர் கொடுத்து எழுப்பிய கரையை மட்டும் உடைய விடாதீர்கள்.