மரத்தூள் பிரிக்கும் வாளி

தறிச் சட்டங்களையும் வண்டி மரங்களையும் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அறுத்து இழைத்துக்கொள்ளும் அங்கத்தினர்கள் இன்று மின்சார ரம்பத்தை உபயோகித்து வருகின்றனர். கைவாளின் தூள் காலடியில் விழும். மின்சார ரம்பத்தின் தூளோ வீடெங்கும் பறக்கும். பாவு நூலில் படிந்ததை உதறிவிடலாம். சுவாசப் பைகளில் படிந்ததை உதற வழியில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தொட்டில் கட்டிய கூடத்திற்கு அடுத்து ரம்பம் வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கி ரம்பத்துடன் இணைத்தால் போதாதா எனக் கேட்கலாம். சிறிது நேரத்திலேயே அதன் வடிகட்டி அடைபட்டு இழுவிசை குன்றிவிடும். ஆகவே ரம்பத்திற்கும் இயந்திரத்திற்கும் இடையே ஒரு பிரிப்பான் தேவை. அரிசி ஆலைகளில் உமி விழும் கூம்பை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் என்பவர் 1885-இல் காப்புரிமை பெற்ற உபாயம் அது. களத்தில் தூற்றும்போது காற்று பதரை ஏந்திச் செல்கிறது. இங்கோ சுழலும் காற்று கனமான துகள்களைச் சுவரோரம் ஒதுக்கி விழச் செய்கிறது. காற்று மாத்திரம் நடுக்குழாய் வழியே வெளியேறும்.

கூம்பு செய்யத் தகர வேலை தெரிந்திருக்க வேண்டும். வாளியும் ஒரு வட்டப் பலகையுமே நமக்குப் போதும். இறுக்கமான மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து, மூடியில் இரண்டு துளைகள் இடுக. ஓரத் துளையில் 2 அங்குலக் குழாயைச் செருகி, உட்புறம் ஒரு எல்போ பொருத்தி, அதன் வாய் வாளிச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நோக்குமாறு திருப்புக. வாய் நேர்கீழாக நோக்கினால் சுழற்சி உண்டாகாது. நடுத் துளையில் வருவது இயந்திரத்திற்குச் செல்லும் குழாய்.

அடுத்து, வாளியின் உட்சுற்றுக்குச் சரியாகப் பொருந்தும் பிளைவுட் வட்டம் ஒன்றை அறுத்து, அதன் விளிம்பில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமார் 1⅛ அங்குல அகலத்திற்குக் குறைத்துவிடுக. எஞ்சிய பங்கு சுவரைத் தொட்டபடி, உள்வரும் குழாயின் வாய்க்குக் கீழே அமைய வேண்டும். எல்போ அடங்கும் ஆழத்தில், நீண்ட போல்ட்டுகளால் இந்தத் தட்டை மூடியிலிருந்து தொங்கவிடுக. நடுக்குழாயின் நுனி தட்டுக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். தூள் இடைவெளி வழியே கீழே விழும். விழுந்ததைக் காற்று மீண்டும் கிளறாமல் தட்டு மறைக்கும்.

காற்றுக் கசிவே இவ்வேலையின் முதற்பகை. வாளிக்குள் சிறு ஓட்டை வழியே காற்று புகுந்தாலும் விழுந்த தூள் மேலெழுந்து இயந்திரத்திற்குப் போய்விடும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி மூடிக்கு வாஷராக இடலாம். இயந்திரத்தை ஓடவிட்டு, இணைப்புகளருகே ஊதுவத்தி பிடித்தால் புகை எங்கே உள்ளிழுக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். தூள் இல்லாத வாளியில் மட்டுமே இச்சோதனையைச் செய்க. குழாய் அடைபட்டால் வாளி சப்பிப்போகும். ஒன்றினுள் ஒன்றாக இரு வாளிகளை வைப்பது நல்லது.

சாணைக்கல்லின் தீப்பொறியையும் பீடித் துண்டையும் ஒருபோதும் இதனுள் இழுக்கலாகாது. வறண்ட நாட்களில் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் சேரும். வெற்றுச் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்துடன் இணைத்துவிடுக.

மிக நுண்ணிய தூள் இதிலும் தப்பிச் செல்லும். அதுவே நெஞ்சின் ஆழம் வரை போவது. எனவே இயந்திரத்தில் நல்ல வடிகட்டி இருத்தல் வேண்டும். அது விடும் காற்று வீட்டிற்கு வெளியே போதல் வேண்டும். அறுப்பவர் முகமூடியும் அணிதல் வேண்டும்.

தட்டை எட்டுமுன், பாதி நிறைந்ததுமே வாளியைக் காலி செய்க. அத்தூளைப் பச்சையாக வயலில் கொட்டினால், அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளித்துவிடும். சாணத்துடன் குழியிலிட்டு நன்கு மட்கிய பின்னரே இடுக. பிளைவுட் தூளில் பசை கலந்திருப்பதால் அதைக் குழியிலும் சேர்க்க வேண்டாம்.