செவ்விளநீரும் இரண்டு குளிசைகளும்

உம்மம்மாவுக்கு ஈரல் சுருங்கும் நோய் என்று டொக்டர் சொன்னதும் நாங்கள் திகைத்துப் போனோம். அது குடிப்பவர்களுக்கு மட்டுமே வரும் என்று எண்ணியிருந்தோம். நீண்டகால நீரிழிவோடு ஈரலில் கொழுப்புப் படிவதாலும் அது வரும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

வயிற்றில் சேர்ந்த நீரைக் குறைக்க இரண்டு குளிசைகள் தந்தார்கள். பார்க்க வந்தவர்களோ, "செவ்விளநீர் குடுங்க, சிறுநீர் நல்லாப் போகும்" என்றார்கள். தினமும் காலையில் நான்தான் கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் உம்மம்மாவின் குருதியில் பொற்றாசியம் 5.9 ஆக இருந்தது. லீற்றருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரையே இருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனது? உயர்தர உயிரியலில் நாம் படிப்பதைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஈரல் தழும்பேறி இறுகும்போது, குடலிலிருந்து அதற்கு வரும் நாளத்தில் அமுக்கம் கூடுகிறது. வயிற்றுப் பகுதிக் குருதிக்கலன்கள் விரிகின்றன. உடலில் குருதி குறைந்துவிட்டது போன்ற நிலை ஏற்பட, அல்டோஸ்தரோன் என்ற ஓமோன் அதிகமாகச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தில் சோடியத்தையும் நீரையும் தேக்கி, பொற்றாசியத்தை வெளியேற்றுகிறது.

முதற் குளிசையான ஸ்பைரோனோலக்டோன் இந்த ஓமோனைத் தடுக்கிறது. சோடியமும் நீரும் வெளியேறும். பொற்றாசியம் உடலிலேயே தங்கும். இரண்டாவதான ஃபுரூசமைட் என்லேயின் தடத்தில் தொழிற்பட்டு, நீரோடு பொற்றாசியத்தையும் வெளியேற்றும். ஒன்று தேக்க, மற்றது இழக்கச் செய்வதால், 100 மில்லிகிராமுக்கு 40 என்ற விகிதத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

பொற்றாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி உயிருக்கே ஆபத்தாகலாம். குறைந்தாலும் கேடுதான். சிறுநீரகம் அதிக அமோனியாவை உண்டாக்கும். நலிந்த ஈரலால் அதை யூரியாவாக மாற்ற முடியாது. அது மூளையைத் தாக்கினால் நோயாளி தடுமாறுவார், நினைவிழக்கவும் கூடும்.

செவ்விளநீரில் பொற்றாசியம் நிறைய உண்டு. அன்பாகக் கொடுத்ததுதான், ஆனால் தராசின் ஒரு தட்டில் நானே பாரம் ஏற்றியிருக்கிறேன். டொக்டர் இளநீரை நிறுத்தி, முதற் குளிசையின் அளவையும் குறைத்தார். அல்ஹம்துலில்லாஹ், அடுத்த பரிசோதனையில் 4.6.

வீட்டில் இத்தகைய நோயாளி இருந்தால், சோடியம் குறைந்த 'மாற்று உப்பு' வாங்கும் முன்னும் டொக்டரிடம் கேளுங்கள். அவற்றில் பல பொற்றாசியம் குளோரைட்டால் ஆனவை. வாந்தி, வயிற்றோட்டம், தடுமாற்றம் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். குளிசையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குருதிப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கலண்டரில் அந்தத் திகதியை இப்போது நானே வட்டமிடுகிறேன்.